சங்கு முத்திரை ஒட்டிய கடிதங்கள்

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
கோவில்பட்டிக்குத் தெற்கே
4-9-1930

தேரூரில் இருக்கும் அக்காள் உலகம்மை அவர்களுக்கு, தம்பி ஆறுமுகப்பெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். தாங்களும் சுகமென்று அறிந்தால் திருப்தி.

பகவதியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அங்கிருந்து புறப்பட்டவன், வந்த மறுநாளே மறுபடி ஸ்டேஷன் வேலையில் சேர்ந்துவிட்டேன். வீடு பூட்டியபடியே இருந்தது. பிரசவத்தில் தாயும் பிள்ளையுமாகப் போன பிறகு அவள் சாமான்களை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பிள்ளைக்கென்று அவள் தைத்து வைத்திருந்த துணிகளைப் போர்ட்டர் ஞானையன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள்.

அங்கே மச்சில் இருக்கும் பெட்டியில் பகவதியின் சேலைகள் உண்டு. தாழக்குடியில் அவள் தாயாரிடம் சேர்த்துவிடவும். வடக்குப்பற்று வயலில் எனக்குள்ள பங்கைத் தங்கள் பேருக்கு எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். பத்திரம் எழுத ஆள் பார்த்து வைக்கவும். எனக்கு இனி நெல் எதற்கு?

இங்கே எனக்கு ஒரு குறைவும் இல்லை. சுற்றிலும் கரிசல் காடு. ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு வேப்பமரம். வண்டி வரும், போகும். மற்ற நேரங்களில் சத்தமில்லை. வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தம்பி,
ஆறுமுகப்பெருமாள்

•

தேரூர்
கொல்லம் 1106 ஆவணி 28

மக்கா ஆறுமுகப்பெருமாளுக்கு அக்காள் உலகம்மையின் ஆசீர்வாதம். சுசீந்திரம் தாணுமாலயன் கிருபையில் இவ்விடம் எல்லாரும் சுகம். நீயும் சுகமென்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன்.

'அவர்களுக்கு' என்கிறாய், 'தாங்கள்' என்கிறாய். நான் என்ன திவான் பேஷ்காராலே? உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். இப்படி எழுதினால் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்த மாதிரி இருக்கிறது.

பத்திரம் எழுத இங்கே ஆள் கிடையாது. இருந்த ஒருத்தருக்கும் கண் மங்கிப்போயிற்று. பங்கை என் பேருக்கு எழுதி நான் என்ன செய்ய? எனக்குப் பிள்ளையா, குட்டியா? அந்தச் சவத்துப் பத்திரத்தைத் தள்ளு, பிறகு பேசிக்கொள்ளலாம்.

பகவதியின் பெட்டியை நான் திறக்கவில்லை. அவள் அம்மையிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. உன் பெண்டாட்டியின் சேலையை நீதான் கொண்டுபோய்க் கொடுக்கணும். அறுப்புக்கு வா. வந்து கொடு.

உனக்கு யார் பொங்கிப் போடுகிறார்கள்? என்ன சாப்பிடுகிறாய்? அதை எழுது. 'ஒரு குறைவும் இல்லை' என்று மட்டும் எழுதாதே. குறைவில்லாத வீடு ஒன்றைக் காட்டு, நானும் வந்து பார்க்கிறேன்.

உடனே பதில் போடு.

அக்காள்,
உலகம்மை

•

24-9-1930

அக்காள் அவர்களுக்கு, நமஸ்காரம். நான் சுகம். அங்கே மழை ஆரம்பித்துவிட்டதா?

தங்கள் கடிதத்தை இரட்டிப்புக் கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. விவரம் சொல்கிறேன். கவரில் சங்கு முத்திரை போட்ட ஸ்டாம்பை ஒட்டியிருக்கிறீர்கள். அது மகாராஜாவின் அஞ்சல் ஸ்டாம்பு. திருவிதாங்கூருக்குள் மட்டும் செல்லும். ஆரல்வாய்மொழி தாண்டினால் வெறும் காகிதம். இந்தப் பக்கம் வரும் கடிதத்துக்கு ராஜா தலை போட்ட பிரிட்டிஷ் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டாம்பே ஒட்டாத பேரிங் கடிதமாக எழுதிவிடுவார்கள். பேரிங் கடிதத்தை வாசலில் போட்டுவிட்டுப் போக முடியாது. யாருக்கு வந்ததோ அவரை நேரில் பார்த்துக் கையில் கொடுத்துக் காசு வாங்க வேண்டும் என்பது சட்டம்.

இங்கே தபால் கொண்டுவருகிறவன் பெயர் சிலுவை. சட்டத்தை மீறாத ஆள். நான் மத்தியானம் கதவைச் சாத்திப் படுத்திருந்தேன். தட்டினான். எழுந்திருக்க மனமில்லை. ஞானையன் காசைத் தான் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். "ஐயா கையிலதான் குடுக்கணும். அவுக எந்திரிச்சு வாற வரைக்கும் நான் இந்த வேம்படியில இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டான். எழுந்து போய்த் திறந்தேன்.

ஞானையன் வீட்டிலிருந்து கஞ்சி வருகிறது. சில நாள் வேண்டாமென்று சொல்லிவிடுவேன்.

இனிச் சரியான ஸ்டாம்பு ஒட்டவும்.

ஆறுமுகப்பெருமாள்

•

தேரூர்
1106 புரட்டாசி 21

மக்காவுக்கு அக்காள் ஆசீர்வாதம். இவ்விடம் எல்லாரும் சுகம். மழை நல்ல மழை. குளம் நிறைந்து, மாசியில் அறுக்கிற கும்பப்பூ நடவு ஆயிற்று.

ஸ்டாம்பு விஷயம் எழுதியிருந்தாய். அடுப்படியில் கிடக்கிறவளுக்குச் சங்கு எது, ராஜா தலை எது என்று என்ன தெரியும்? வீட்டில் இருந்ததை ஒட்டினேன். சுசீந்திரத்தில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறார்கள். எது பக்கத்திலோ அதில் போடுகிறேன். இதற்குப் போய் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கஞ்சியைப் பற்றி எழுது என்றால் இரண்டு வரி. கஞ்சி வேண்டாமென்று சொல்ல நீ யார்? கொண்டுவருகிற பெண்பிள்ளை வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறாள் அல்லவா? அவள் முகத்துக்காகவாவது குடி.

இங்கே ஒரு வழக்கு. மேலண்டை வயல்காரன் நாராயணபெருமாள், நடவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்குகிறேன் என்று நம் பக்கம் வெட்டிவிட்டான். அதுவும் உன் பங்கில். நான் போய்க் கேட்டேன்.

"ஆறுமுகப்பெருமாள் வந்து சொல்லட்டும், மாத்துதேன். பொம்பளை சொல்லியா நான் வரப்பு வைக்கணும்?" என்கிறான்.

"ஏலே, அவன் வந்தா உனக்கு வரப்பு மட்டுமா போகும்? முதுகுத்தோலும் போகும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொல்லியாயிற்று. இனி நீ வந்தால்தான் எனக்கு ஊரில் மரியாதை. என்ன செய்யலாம் என்று விவரமாக எழுது.

அக்காள்

•

19-10-1930

அக்காள் அவர்களுக்கு. சுகம்.

இந்தக் கடிதமும் பேரிங். சங்குதான் ஒட்டியிருக்கிறது. சிலுவை சிரிக்கிறான்.

வரப்பு விஷயம் நாராயணபெருமாள் இஷ்டப்படி இருக்கட்டும். எனக்கு அதில் ஆசை இல்லை. பத்திரத்துக்கு நாகர்கோவிலில் ஆள் கிடைக்கும். தங்களுக்குச் சிரமமானால் நானே எழுதி அனுப்புகிறேன்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மத்தியானம் தூத்துக்குடி மெயில் இந்த ஸ்டேஷனில் நிற்காமல் போகும். அதற்குப் பச்சைக்கொடி பிடித்து நிற்பது என் வேலை. இந்த மாதம் அதை ஞானையனிடம் விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். காரணம் ஒன்றும் இல்லை.

அடிக்கடி எழுத வேண்டாம். தங்களுக்கும் வேலை இருக்கும். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆறுமுகப்பெருமாள்

•

தேரூர்
1106 ஐப்பசி 12

மக்கா,

காரணம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

செத்துப்போகாதே மக்கா. இதை வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நல்ல காரணம் ஒன்று சொல் என்று நீ கேட்டால் என்னிடம் இல்லை. பகவதியைப் போல இன்னொருத்தி வருவாள் என்று சொல்ல மாட்டேன். அது பொய். காலம் போனால் ஆறும் என்றும் சொல்ல மாட்டேன். உன் அத்தான் போய்ப் பதின்மூன்று வருஷமாயிற்று. எனக்கு ஆறவில்லை. காலையில் எழுந்திருக்கிறேன், விளக்குமாறு எடுத்து முற்றம் தூர்க்கிறேன், பசுவுக்குத் தண்ணீர் காட்டுகிறேன். யாரிடமாவது சண்டை போடுகிறேன். அப்படியே அந்தியாகிறது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இருக்கிறது கஷ்டம்தான். ஆனாலும் இரு.

எனக்கு உடனே புறப்பட்டு வர வேண்டும் போலிருக்கிறது. தனியாக வண்டி ஏறப் பயமாகவும் இருக்கிறது. ஒரு வரி எழுது, போதும். என்னைத் திட்டியாவது எழுது.

உலகம்மை

•

தேரூர்
1106 கார்த்திகை 3

ஏலே மக்கா, ஆசீர்வாதம். நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்து ரொம்ப சந்தோஷம்.

என் ஐப்பசிக் கடிதம் நேற்றுத் திரும்பி வந்தது. தபால்காரன் வாசலில் நின்றுகொண்டு, "உங்க தம்பி வாங்க மாட்டேன்னுட்டாரு. இதுக்கு நீங்கதான் அபராதம் கட்டணும்" என்றான். கவரை வாங்கிப் பார்த்தேன். 'வாங்க மறுக்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டிருக்கிறாய். உன் கையெழுத்துதான். அந்த 'று'வை நீ சின்னதிலேயே இப்படித்தான் வாலை இழுத்து எழுதுவாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காயிதம் திரும்பி வந்தா எல்லாரும் அழுவாவ. நீங்க சிரிக்கியளே" என்றான்.

"வாங்க மாட்டேன்னு சொல்லதுக்கு ஒரு வாய் வேணும்லா? கையெழுத்துப் போட ஒரு கை வேணும்லா? எங்கிட்ட அபராதம் வாங்கிக்கோ, கூட ஒரு வாய் மோரும் குடிச்சிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பினேன்.

இனி உன்னிடம் மறைக்கவில்லை. சங்கு எது, ராஜா தலை எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொழும்புக்குக் கடிதம் போட்டுப் போட்டுப் படித்ததுதான். உன் அத்தானுக்கு நான் ஒழுங்காக ராஜா தலை ஒட்டித்தான் எழுதினேன். பதில் வராதபோதும் எழுதினேன். கோபித்து எழுதினேன், கெஞ்சி எழுதினேன். 'இன்னொருத்தியைப் பார்த்துவிட்டீரோ' என்றுகூட எழுதினேன். பிறகு அங்கிருந்து வந்த ஒருவர் ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் என் கடிதங்கள். ஒன்றும் பிரிக்கவில்லை. உன் அத்தான் காய்ச்சலில் போய் அப்போதே நாலு மாசமாகியிருந்தது. தபால்காரன் ஒவ்வொன்றாகக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. சரியாக ஸ்டாம்பு ஒட்டிய கடிதம் உள்ளே ஆள் உண்டா இல்லையா என்று கேட்காது. நீ அப்போது கோட்டாறில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் இதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கடிதக் கட்டை அடுப்பில் வைத்துவிட்டேன்.

அதனால்தான் சங்கு. உன்னை ஒருவன் நேரில் பார்த்துக் காசு கேட்கணும். நீ எழுந்து வந்து கதவைத் திறக்கணும். திறக்காவிட்டால் கடிதம் எனக்குத் திரும்பி வரணும். அவ்வளவுதான் என் வித்தை.

இந்தக் கடிதத்தை நீ வாசிக்கணும் என்பதற்காக ராஜா தலை ஒட்டியிருக்கிறேன். அடுத்ததற்கு மறுபடியும் சங்குதான். வாங்கினாலும் செரி, மறுத்து எழுதிக் கொடுத்தாலும் செரி.

திரும்பி வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்காதே. எல்லாம் அந்த வரப்புச் சமாச்சாரம்தான்.

இவ்விடம் எல்லாரும் சுகம்.

உலகம்மை

•

2-12-1930

அக்காளுக்கு. உன் கார்த்திகைக் கடிதம் கிடைத்தது. சுகம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். வேண்டாம், உள்ளதையே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நான் மறுத்த அன்று ஒரு முடிவோடு இருந்தேன். அது என்னவென்று எழுத வேண்டியதில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. ஞானையனைக் கோவில்பட்டிக்கு ஒரு வேலையாக அனுப்பியிருந்தேன். மெயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. உடுப்பை எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது சிலுவை வந்து நிற்கிறான், உன் பேரிங் கடிதத்தோடு.

வேண்டாம், கொண்டுபோ என்றேன். அவன் போகவில்லை.

"வேண்டாம்னா வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்கய்யா. நாளைக்கு எம்மேல பழி வரக் கூடாது" என்றான்.

உள்ளே போய்ப் பேனாவை எடுத்தேன். முள் உடைந்திருந்தது. வேறு முள் தேடினேன். அவனும் என்கூட மேஜையைக் குடைந்தான். நடுவில், "ஒங்க அக்காவுக்கு இம்புட்டுத் தடவை சொல்லியும் வெளங்கலையே, படிச்ச தம்பிக்கு இப்படி ஒரு அக்காவா?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அக்காளைப் பற்றிப் பேச நீ யார் என்று சத்தம் போட்டேன். அவனும் விடவில்லை. சட்டம் பேசினான். நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே மெயில் கடந்து போய்விட்டது. கொடி பிடிக்க ஆளில்லை. அதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த காகிதத்துக்குப் பதில் எழுதியாயிற்று.

அதன் பிறகுதான் முள் கிடைத்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்குத் துக்கமில்லை. கோபம்தான் இருந்தது. உன்மேல்தான். ஒரு மனிதனை நிம்மதியாக ஒரு காரியம் செய்ய விடுகிறாளா என்று. மறுநாளும் கோபம் இருந்தது. கோபம் இருந்த மட்டும் மற்றது பக்கத்தில் வரவில்லை. இதை ஒரு நல்ல காரணம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நடந்தது இது.

ஞானையனுக்குப் பெண் குழந்தை. பகவதி தைத்த சட்டை அதற்குப் பெரிதாக இருக்கிறது.

அத்தானுக்கு நீ எழுதிய கடிதங்களின் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். எல்லாக் கடிதத்திலும் 'இவ்விடம் எல்லாரும் சுகம்' என்று எழுதுகிறாய். அம்மை போய் வருஷம் பல ஆயிற்று. நான் இங்கே இருக்கிறேன். அந்த வீட்டில் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ஆறுமுகப்பெருமாள்

•

(தபால் கார்டு)
23-12-1930

அக்காளுக்கு. என் கடிதத்துக்குப் பதில் இல்லை. சங்கு ஒட்டியும் வரவில்லை, ராஜா தலை ஒட்டியும் வரவில்லை. சிலுவை இரண்டு தடவை வெறுங்கையோடு இந்த வழியாகப் போனான். கூப்பிட்டுக் கேட்டேன். உடம்புக்கு ஏதுமா? நான் கேட்டது பிசகானால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

ஆறுமுகப்பெருமாள்

•

தேரூர்
1106 மார்கழி 22

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கோபம். உன் கேள்வியை வாசித்ததும் கடிதத்தை மடக்கி அரிசிப்பானைக்குள் போட்டுவிட்டேன். பெரிய கேள்வி கேட்டுவிட்டாயாக்கும்!

எல்லாரும் என்றால் நான்தான். நானும் பசுவும். 'நான் சுகம்' என்று எழுதினால் வீடு காலியாகத் தெரிகிறது. 'எல்லாரும்' என்று எழுதினால் பின்னால் நாலு பேர் நடமாடுகிற மாதிரி இருக்கிறது. அம்மை இருக்கும்போது எழுதிய பழக்கம், விடவில்லை. விடவும் மனசில்லை.

சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் போனேன். தெற்குத் தெருவில் நல்ல கூட்டம். என்னோடு படித்தவள் ஒருத்தி பேரன் பேத்தியோடு எதிரில் வந்தாள்.

"ஏட்டி உலகம்மை, தனியாவா வந்தே?" என்றாள்.

"இல்லட்டி, எல்லாரும் வந்திருக்காவ. முன்னால போறாவ" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு அங்கே நிற்க முடியுமா? அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். இல்லாத ஆட்களை எட்டிப் பிடிக்கிறதுக்கு அப்படி ஒரு ஓட்டம். கோயில் மதில் திரும்பினதும் நின்று மூச்சு வாங்கினேன். தேர் வந்து போயிற்று, நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். எல்லாம் உன்னால்தான். நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் இப்படியே ஓட்டியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆவணியிலிருந்து உனக்கு எழுதுகிற நாளெல்லாம் எனக்கு நல்ல நாளாக இருந்தது. என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே மாடு கறப்பேன். வரப்பை நாராயணபெருமாள் வெட்டியது உண்மை. ஆனால் நான் போய் நின்றதும் மாற்றித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டான். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன், உனக்கு எழுத ஒரு வழக்கு வேணுமே என்று. சுசீந்திரத்துக்கு நடந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறதும் ஒரு சோலியாக இருந்தது. நீ அங்கே சாகக் கிடக்கும்போது நான் அதில் குளிர்காய்ந்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நாள் எழுத மாட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உலகம்மை

•

20-1-1931

அக்கா,

உன் கடிதம் ஒழுங்கான ஸ்டாம்போடு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. இனி ஆள் இருக்கிறானா என்று கேட்க மாட்டாய் போலிருக்கிறது.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீ குளிர்காய்ந்தாய் என்றால் நானும்தான் காய்ந்தேன். தீ ஒன்றுதான்.

உன்னை வந்து பார்க்க ஒரு வார லீவு கேட்டு எழுதினேன். எனக்குப் பதிலாக அனுப்ப ரிலீவர் இல்லை, இப்போதைக்கு முடியாது என்று பதில் வந்துவிட்டது. ஆகையால் நீ வா. அறுப்பு முடிந்ததும் வா. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் திருநெல்வேலி. அங்கே ரயிலேறி மணியாச்சியில் வண்டி மாற வேண்டும். மணியாச்சி ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். பெண்கள் வண்டியில் ஏற்றிவிடச் சொல்லி எழுதுகிறேன். வண்டி நின்ற பிறகு இறங்கினால் போதும், பயப்பட ஒன்றும் இல்லை.

உயிரோடு இருப்பதற்குக் காரணம் என்று நான் தேடிப் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. சில நாள் காலையில் எழுந்ததும் பழையபடிதான் இருக்கிறது. ஆனால் ரயில்வே ரூல் ஒன்று உண்டு. டியூட்டியில் இருப்பவன், ரிலீவர் வந்து சார்ஜ் எடுத்துக்கொள்ளும் வரை இடத்தை விட்டுப் போகக் கூடாது. எவ்வளவு களைப்பானாலும், சொந்தக் காரியம் எதுவானாலும் கூடாது. பன்னிரண்டு வருஷ சர்வீஸில் நான் அதை மீறியதில்லை. நீ வருகிற வரைக்கும் இந்த ரூல்படி இருப்பேன். இதை நம்பலாம். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க இப்போது என்னால் இயலவில்லை.

எந்த நாள் புறப்படுகிறாய் என்று எழுது.

தம்பி,
ஆறுமுகம்

•

தேரூர்
1106 மாசி 2

மக்காவுக்கு. இவ்விடம் நான் ஒருத்திதான். சுகக்கேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அறுப்பு முடிந்து நெல் பத்தாயத்தில் ஏறியாயிற்று. பசுவை நாராயணபெருமாள் தொழுவத்தில் கட்டிவிட்டேன். வரப்பை வெட்டின பாவத்துக்கு அவன் தீனி போடட்டும். வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் புறப்படுகிறேன். சனிக்கிழமை உன் ஊரில் இறங்கலாம் என்று அம்பலப் பக்கத்து வாத்தியார் கணக்குப் பார்த்துச் சொன்னார். ரயில் என்று ஒன்றை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மணியாச்சியில் உன் ஆள் என்னைக் கண்டுபிடிக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போடுவேன். அது உனக்குக் கேட்டாலும் கேட்கும்.

மட்டிப்பழம் கொண்டுவரலாம் என்று பார்த்தேன், நசுங்கிவிடும் என்கிறார்கள். அவலும் கருப்பட்டியும் எடுத்திருக்கிறேன். ஞானையன் பெண்டாட்டிக்குக் காய மருந்து இடித்து வைத்திருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கு நல்லது. பகவதியின் பெட்டியையும் கொண்டுவருகிறேன். இரண்டு பேருமாகத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு தாழக்குடிக்குப் போகலாம்.

எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

உன் ரூலை வாசித்தேன். ரிலீவர் வந்து சார்ஜ் எடுக்கிற வரைக்கும் இடத்தை விட்டுப் போகக் கூடாது என்கிறாய். நல்ல ரூல்தான். எழுதினவன் கை நன்றாக இருக்கட்டும். ஆனால் வண்டி ஏறுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லவில்லை என்று இருக்கக் கூடாது. எனக்கு நீ வேணும், அதற்காகத்தான் வருகிறேன். உன்னிடமிருந்து நான் சார்ஜ் எடுக்க மாட்டேன் மக்கா, கேட்டியா? சனிக்கிழமையும் எடுக்க மாட்டேன், அதற்குப் பிறகும் எடுக்க மாட்டேன்.

அக்காள்,
உலகம்மை